கெட்டிலுக்குள் வந்த நீலம்

கோந்து காய்ச்சுகிற கெட்டிலின் மூடியில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. உள்ளங்கையை வைத்தால் மறைந்துபோகும். மேற்கேயிருந்து வீசுகிற மேகாற்று அள்ளிக்கொண்டு வந்து போட்ட செம்மண் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு, ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு மதினி அதற்குள் பார்த்துக்கொண்டிருப்பார். என் அண்ணன் மனைவியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கல்யாணப் பந்தலில் மாலையோடு நின்ற முகம் இல்லை, இந்தக் குனிந்த முதுகுதான். பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன மதினி, வந்துருச்சா?" என்று கேட்பேன். "பொறு, பொறு. இன்னும் தண்ணியாத்தான் நிக்குது" என்பார். கொஞ்ச நேரம் கழித்து முதுகு நிமிரும். "நீலம் வந்துருச்சு" என்பார். அதற்கப்புறம்தான் அந்த மனுஷி காலைக் காபியையே குடிப்பார்.

ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்கு வருகிற சாலையில், அய்யா பருத்தி போட்டுப் போட்டுச் சலித்துப்போன மானாவாரிக் காட்டில் இருந்தது எங்கள் கோந்து ஃபேக்டரி. தச்சர்கள் பலகைக்குப் பலகை ஒட்டுகிறார்களே, அந்த வெள்ளைக் கோந்து. சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் கலக்கும் பைண்டரும் அதே சட்டியில் வேகிற சாமான்தான். அண்ணனுக்குச் செங்கல் சூளை வைக்கத்தான் ஆசை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து, மதுரையில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை பார்த்துவிட்டு வந்த மதினிதான், "மண்ணைச் சுட்டு விக்கிறதுக்கு எதுக்கு என்னையக் கட்டுனீக?" என்று கேட்டுக் கேட்டே அவரை மாற்றினார். நான் ஆபீஸில் உட்கார்ந்து பில் போடுவேன், கேன்களுக்கு லேபிள் ஒட்டுவேன், வேலை இல்லாத நேரத்தில் வாயடிப்பேன். கம்பத்துக் கடைக்காரர்கள் போனில் என்னிடம் மாட்டிக்கொண்டால் லேசில் தப்ப முடியாது.

கோந்து செய்வதை எழுத்தில் படித்தால் பெரிய வித்தை போலத் தெரியும். கிட்டத்தில் நின்று பார்த்தால் கஞ்சி காய்ச்சுகிற கதைதான், ஆனால் கோபக்காரக் கஞ்சி. பாலிவினைல் ஆல்கஹால் என்றொரு வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீரில் கட்டி தட்டாமல் கரைப்பார்கள். கொஞ்சம் சோப்புச் சாமான், கொஞ்சம் சோடா உப்பு. அப்புறம் வினைல் அசிடேட். நாங்கள் மோனமர் என்போம். பார்வைக்குத் தண்ணீர்தான். மோந்தால் முதல் மூச்சுக்குப் பழுத்த அன்னாசி, அடுத்த மூச்சுக்கு மூக்கை அறுக்கும். தண்ணீரோடு ஒட்டாத சாமான் அது. சோப்பும் தூளும்தான் அதைப் பொடிப்பொடித் துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் மிதக்க வைக்கும். பிறகு பெர்சல்பேட் என்ற உப்பை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், சூட்டில் அது மோனமரைக் கிளப்பிவிடும். ஒன்று இன்னொன்றின் கையைப் பிடிக்கும், அது அடுத்ததன் கையைப் பிடிக்கும், இப்படியே நீளநீளமாகச் சங்கிலி சேரும். கை பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு வெளியே வரும். அந்தச் சங்கிலிகள் மிதக்கிற பால்தான் கோந்து. சங்கிலி சேரத் தொடங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் கண்ணாடி வழியே தெரிகிற அந்த நீலம். தண்ணீர் ஊற்றின பாலை டம்ளரில் சாய்த்தால் ஓரத்தில் லேசாகத் தெரியுமே, அந்த மாதிரி.

மதினிக்கு இதில் ஒரே ஒரு சட்டம். முதலில் கொஞ்சம் மோனமர். நீலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபிறகுதான் மிச்சத்தைச் சன்னமான ஒழுக்காக விட வேண்டும், அதுவும் பகல் முழுக்க. "பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரித்தான். வாயில வச்சதை முழுங்கிட்டானான்னு பாத்துட்டு அடுத்த வாய் குடுக்கணும். முழுங்காம கன்னத்துல அதக்கி வச்சிருக்கும்போது திணிச்சோம்னா மொத்தமா வெளிய வரும்" என்பார். நீலம் வரவில்லை என்றால் மோனமர் உள்ளே சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். சும்மா கிடப்பது எப்போது எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எழுந்தால் எல்லாம் சேர்ந்து எழும். இந்த இடம் வரும்போது மட்டும் மதினியின் குரல் தாழ்ந்துவிடும். மதுரை லேபில் ஒரு கண்ணாடிக் குடுவை அப்படி எழுந்து கூரையில் அடித்ததை அவர் பார்த்திருக்கிறார். "அது ஒரு சொம்பு அளவு. அதுக்கே கூரை" என்பார். மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்ததும் அண்ணன் புதுக் கெட்டில் வாங்கினார். பழையது இடுப்பு உயரம். இதற்கோ இரும்புப் படி ஏறி மேடையில் நின்றால்தான் வாய் எட்டும். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மதினி மட்டும் அதை லாரியிலிருந்து இறக்கின நாளிலிருந்து ஒரு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். "சின்னச் சட்டி சட்டுனு ஆறிரும். அண்டா ஆறாதுத்தா. உள்ள சூடு ஏறுச்சுன்னா அது வெளிய வர வழி கம்மி" என்று என்னிடம் சொன்னார். "அண்டா வாங்கியாச்சு, இனி ஆத்துறது உங்க பாடு" என்று கேலி பேசினேன். அவர் சிரிக்கவில்லை. நான் என்ன சொன்னாலும் சிரித்துவிடுகிற மனுஷி சிரிக்காமல் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் சொந்தபந்தத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதைப் புதிதாகத் தொடங்கினாலும் 'கை வைப்பது' என்று உண்டு. புதுக் கிணற்றில் முதல் வாளியா, புது வீட்டில் முதல் பாலா, காட்டில் முதல் விதைப்பா, வந்திருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு கை போட வேண்டும். முதல் கை தாய்மாமனுடையது. யாராவது ஒருவர் கை விடுபட்டுப் போனால் அப்புறம் அந்த வீட்டோடு ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பால் பொங்கி வழியும்போது பெண்கள் குலவை போடுவார்கள். வழியாமல் அடங்கிவிட்டால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும். அண்ணன் இந்த வழக்கத்தை அப்படியே கெட்டிலுக்கும் கொண்டுவந்தார். பாலுக்குப் பதில் மோனமர், ஆளுக்கொரு ஜக்.

மதினி முடியவே முடியாது என்றார். "பெரிய படிப்புப் படிச்சவளுக்குச் சொந்தக்காரனைக் கண்டா ஆகலையோ" என்று அய்யா ஒரு வார்த்தை விட்டதும் இறங்கிவந்து ஓர் ஏற்பாடு செய்தார். முதல் கட்டத்துக்கு வேண்டிய மோனமரை மட்டும் ஓர் எவர்சில்வர் கொப்பரையில் எடுத்து வைப்பது. எத்தனை பேர் வந்தாலும் அதற்குள்ளிருந்துதான் மோந்து ஊற்ற வேண்டும். கொப்பரை காலியானால் சடங்கு முடிந்தது. மோனமர் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் குத்துவிளக்கு கொட்டகைக்கு வெளியே இருக்கும். எல்லாவற்றுக்கும் அண்ணன் தலையாட்டினார். விசேஷத்தன்று காலையில் எனக்குப் பூ வைத்துவிடும்போதுகூட மதினி, "கொப்பரை காலியானதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. அது ஒண்ணு மட்டும் நடந்துட்டாப் போதும் எனக்கு" என்றார்.

ஆவணி முகூர்த்தம். காற்று அடங்கியிருக்க வேண்டிய மாதம், அடங்கவில்லை. வெளியே விளக்கை ஏற்ற ஏற்ற அணைந்தது. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுபடி மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் விட்டுவிட்டார். சொந்தமெல்லாம் கூடிவிட்டது, கூடலூர்ப் பெரிய மாமாவை மட்டும் காணோம். அவர் அம்மாவுடன் பிறந்த மூத்தவர், முதல் கைக்கு உரியவர். ஆளும் வரவில்லை, தகவலும் இல்லை. நல்ல நேரமோ கழிந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அய்யா முதல் கையை ஊற்றினார். வரிசையாக எல்லாரும் படியேறி ஊற்றிவிட்டு இறங்கினார்கள். கொப்பரை காலியானதும் மதினி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு பெரிய மூச்சு விட்டார். ஆபரேட்டர் பெர்சல்பேட் வாளியை ஊற்றினார். இனி நீலம் வர வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோது வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது.

மாமாவின் ஜீப் உத்தமபாளையம் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டதாம். சீர்த்தட்டு, வாழைத்தார், திராட்சைக் கூடை எல்லாவற்றையும் அதிலேயே விட்டுவிட்டு, ஒரு வேனைப் பிடித்துத் தன் பக்கத்து ஆட்களோடு ஓடிவந்திருந்தார். மாமா ரொம்ப மானஸ்தர். வெறுங்கையோடு வந்து இறங்குகிறோமே என்ற கூச்சம் அவரைப் பிடுங்கித் தின்றது. "சாமான் பின்னாடி வருது, பின்னாடி வருது" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் கவிழ்த்து வைத்திருந்த கொப்பரையைப் பார்த்தார். "ஆரம்பிச்சுட்டீகளா?" என்றார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணன் ஓடிப்போய் மோனமர் இருந்த புது டிரம்மின் மூடியைத் திருகித் திறந்தார்.

மதினி அண்ணனின் கையைப் பிடித்தார். "வேணாங்க. சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான்" என்றார். தாய்மாமனுக்கு யாராவது சொட்டு அளந்து கொடுப்பார்களா? அண்ணன் ஜக்கைத் தளும்பத் தளும்ப நிறைத்துக் கொடுத்தார். மாமா ஊற்றினார். கூட வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் தம்பி ஏறினார், தம்பி சம்சாரம் ஏறினார், சம்பந்தி வீட்டார் ஏறினார்கள். அதைப் பார்த்துவிட்டு, முன்னால் கொப்பரையிலிருந்து ஊற்றினவர்கள், "எங்களுக்கு மட்டும் அரை ஜக்குத்தான் குடுத்தீக, அவுகளுக்கு முழுசா?" என்று மறுபடி வரிசையில் நின்றார்கள். பந்தியில் ஓர் இலைக்கு வைத்த பலகாரத்தை அடுத்த இலைக்கு வைக்காமல் போக முடியாது, அதே நியாயம்தான் இங்கேயும். மதினி மேடையில் நின்று, "போதும்ங்க, போதும் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் மாமா அவருக்கு முறையில் பெரியப்பா. மாமா கீழேயிருந்து, "என்னத்தா, எங்க கைக்கு மட்டும் அளவு பாக்குற?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எங்கள் வீட்டில் எந்த மருமகளும் வாயைத் திறக்க முடியாது. மதினியும் திறக்கவில்லை.

குளிர்ந்த மோனமர் அத்தனை போனதில் கெட்டிலின் சூடு இறங்கிவிட்டது. வாயும் அவ்வளவு நேரம் காற்றுக்குத் திறந்து கிடந்தது, காற்றுப் பட்டாலும் சங்கிலி சேரப் பிந்தும். நீலம் வரவில்லை. உள்ளே சுற்றுகிற கலக்கி மட்டும் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. பொங்குவதைப் பார்க்காமல் நகர மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் நாற்காலிகளைக் கெட்டிலுக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் மாமா, கழுத்தில் மாலையோடு. "பந்தி போட்டாச்சு, சாப்பிட வாங்க" என்று மதினி கூப்பிட்டுப் பார்த்தார். "பொங்காம என்ன சாப்பாடு?" என்றார்கள். "நெடி ஒத்துக்காது, கொஞ்சம் வெளிய காத்தாட இருங்க" என்று சொல்லிப் பார்த்தார். "மூக்குல துண்டைக் கட்டிக்கிறோம்" என்று சிரித்தார்கள். என் அம்மா, மதினியின் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடையேறி, கண்ணாடிக்கு மேலே பிடித்து, "பாரு சாமி, உங்க ஆத்தா பொங்க வைக்கிறதைப் பாரு" என்றார். மதினி முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ஐயோ, இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

கெட்டிலைச் சுற்றி ஓடி அதை ஆற்றுகிற குளிர்தண்ணீர் ஒழுங்காக வருமா என்று பார்க்க மதினி கொட்டகைக்குப் பின்னாலிருந்த தொட்டிக்குப் போனார். மாமா முன்னால் கெட்டில் இப்படித் தூங்குகிறதே என்கிற அவமானம் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "ஏலே, இன்னொரு வாளி பெர்சல்பேட் கரைச்சு ஊத்து. ஸ்டீமைத் தொற" என்று ஆபரேட்டரை விரட்டினார். ஆபரேட்டர், "அக்கா வந்துரட்டும்ணே" என்று இழுத்தார். அண்ணன் தானே கரைத்து, தானே ஊற்றி, கெட்டிலுக்குச் சூடு ஏற்றுகிற ஸ்டீம் வால்வையும் தானே திருகித் திறந்தார். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள்.

மதினி திரும்பிவந்து மேடையில் கால் வைத்ததும் காலி வாளியைப் பார்த்தார். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். நானும் தோளோடு தோளாகக் குனிந்து பார்த்தேன். ஓரத்திலிருந்து நீலம் வந்துகொண்டிருந்தது. "வந்துருச்சு மதினி!" என்று கத்திவிட்டேன். கீழே பெண்கள் குலவை போட்டார்கள். மதினி என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு நாளும் எந்த நீலத்துக்காகக் காபிகூடக் குடிக்காமல் காத்திருந்தாரோ, அதைக் கண்டு அந்த மனுஷி நடுங்குவதை நான் பார்த்தேன். சும்மா கிடந்தது அத்தனையும் எழுந்துவிட்டது. "ஸ்டீமை அடை. தண்ணியைப் பூராத் தொறந்து விடு. நிறுத்துற மருந்தைக் கரை" என்று ஆபரேட்டர் காதில் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் இப்ப ஒண்ணு பண்ணப் போறேன். எல்லாரும் வெளிய போவாக, நீயும் போ. ரோடு வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே போ. ஒருத்தரையும் திரும்பி வர விட்ராத" என்றார். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார்.

நேரே மாமாவுக்கு முன்னால் போய் நின்றார். "பெரியப்பா, ஒண்ணு கேக்கவா?" என்றார். "கேளுத்தா" என்றார் மாமா, நீலம் வந்த சந்தோஷத்தில். "சீர் எங்க?" என்று கேட்டார் மதினி. குலவை அப்படியே அறுந்தது. "அதான் பின்னாடி..." என்று மாமா ஆரம்பித்தார். "பின்னாடி வருது, முன்னாடி வருதுன்னு எத்தனை தடவை சொல்லுவீக? வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தவுகளுக்கு மாலை ஒரு கேடா? தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு வேன் நெறைய ஆளைக் கூட்டியாந்தது சோத்துக்குத்தானே?" சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தெளிவாக, கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் நான், நானே அப்படி ஒரு பேச்சைப் பேசினது கிடையாது.

மாமா எழுந்தார். மாலையைக் கழற்றி, வீசவில்லை, நாற்காலியின் மேல் மெதுவாக வைத்தார். "மக முறையில இருக்கவ வாயால இதைக் கேட்டாச்சு. இனி இந்த மண்ணுல என் கால் படாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பக்கத்து ஆட்கள் கொதித்துக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். "அண்ணே, அண்ணே" என்று அலறிக்கொண்டு என் அம்மா குழந்தையோடு ஓடினார். அய்யா ஓடினார். காலில் விழுந்தாவது நிறுத்திவிடலாம் என்று எங்கள் பக்கத்துச் சனமும் ஓடியது. அண்ணன் மட்டும் ஒரு நொடி நின்று மதினியைப் பார்த்துக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. மாமா வாசலைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு அவரும் பின்னால் ஓடினார். கண்மூடித் திறப்பதற்குள் கொட்டகை காலி.

நான் ரோட்டுக்குப் போய் என் வேலையைச் செய்தேன். எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை, ஆனால் மதினி சொன்னால் காரணம் இருக்கும் என்று தெரியும். மாமாவைச் சமாதானப்படுத்தி உள்ளே திருப்பிக் கூட்டிவர எல்லாரும் கெஞ்சிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே விழுந்து, "போறவுக போகட்டும், எதுக்குக் கெஞ்சுறீக?" என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றினேன். மாமாவின் தம்பி சம்சாரம் என் தலைமுடியைப் பிடித்துவிட்டார். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அது கேட்டது. முதலில் நீளமாக ஒரு சீறல். அப்புறம் காலடியில் மண் ஒருதரம் தூக்கிப் போட்டது. கொட்டகைக் கூரையின் தகரங்கள் எழும்பிக் காற்றோடு கிழக்கே பறந்தன. வெள்ளையாக ஒரு தூண் நின்று, சரிந்து, ரோடு முழுக்க அன்னாசி நாற்றம் பரவியது. பொங்கி வழிந்தது. யாரும் குலவை போடவில்லை.

மதினியும் ஆபரேட்டரும் பின்வாசல் வழியாக வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. மருந்தை ஊற்றிவிட்டுத் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டு ஓடினதால் உயிர் பிழைத்தார்கள். மதினிக்குக் கழுத்தும் வலது கையும் வெந்துவிட்டன, ஆபரேட்டருக்கு முதுகு. அந்த ஆவியில் ஒரு பொறி பட்டிருந்தால் இருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நல்லவேளை, வாசல் விளக்கைக் காற்று அணைத்திருந்தது. சனம் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் உருகிச் சாய்ந்து கிடந்தன. அவசரத்தில் மாட்டாமல் விட்டுவிட்டுப் போன செருப்புகள் வாசல் சிமெண்டோடு சிமெண்டாக ஒட்டிப்போய்விட்டன. பிறகு அவற்றைக் கடப்பாரையால் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மதினியிடம் கேட்டேன், "வெடிக்கப் போகுது, ஓடுங்கன்னு சொல்லியிருக்கலாமே மதினி?" அவர் யோசிக்கவே இல்லை. "ஓடுங்கன்னா எதுக்குன்னு கேப்பாக. நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுறன்னு வைவாக. நம்புறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். நம்பிட்டாலும் வாசல்ல முண்டி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாக. கோவிச்சுக்கிட்டுப் போற மனுசன் நேரா வாசலுக்குத்தான் போவாரு. அவரு போனா ஒருத்தர்கூட உள்ள நிக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு, "அவுக மூஞ்சி போன போக்கைப் பாத்தியா?" என்று அழுதார். வெந்த கைக்காக அவர் அழுது நான் பார்க்கவில்லை, மாமாவின் முகத்துக்காக அழுதார்.

சரி, உயிரைக் காப்பாற்றினவள் என்று கொண்டாடியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியாது. வெடித்ததற்குக் காரணம் மதினியின் வாய் என்று ஆகிவிட்டது. நீலம் வந்து, குலவை போட்டு, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தாய்மாமன் வயிறெரிந்து போகும்படி பேசினாள், உடனே வெடித்தது. கண்ணால் பார்த்த சாட்சிகள் அத்தனை பேர். நான் மோனமர், சூடு, சங்கிலி என்று தொண்டை வறளக் கத்தினேன். "அது வேற, இது வேற" என்றார்கள். அண்ணனுக்குக் காரணம் தெரியும். வாளியை ஊற்றின கை அவருடையது. ஆனால் சனம் சொன்ன கதையில் அந்த வாளி இல்லை, அவரும் அதைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. மதினியும் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அன்றோடு மதினியைக் கெட்டில் பக்கம் விடுவது நின்றுபோனது. கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு எதற்கும் கூப்பிடுவதில்லை. மாமா இறந்தபோது துட்டி கேட்க எங்களோடு கூடலூர் வந்தவரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் திரும்பி வரும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒப்பாரி கேட்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பினபடி இருந்தார்.

என் அம்மா இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை இப்போது கெமிக்கல் இன்ஜினியர். வைகை அணைக்குப் போகிற சாலையில் புது ஃபேக்டரி கட்டியிருக்கிறான். போன வாரம் பெரியகுளத்துக்கு என் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தான். "அத்தை, நீங்க முந்தின நாளே வந்துரணும்" என்றான். "உங்க அம்மா?" என்றேன். தலையைச் சொறிந்தான். "கூடலூர்க்காரவுக இத்தனை வருசம் கழிச்சு வர்றாக. அம்மா அன்னைக்கு வீட்டுலயே இருக்கட்டும்னு அப்பா சொல்றாக. பேச்சு வந்துரும்ல அத்தை." எனக்குச் சுருக்கென்றது. "கை வைக்கிறது உண்டாடா?" என்று கேட்டேன். "அப்பா ரொம்ப ஆசைப்படுறாக. ஆளுக்குக் கொஞ்சம்தானே. பேனல்ல எல்லாம் ஆட்டோமேட்டிக், அது பாத்துக்கும்" என்றான். நான் அவனை வைதேன். சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாளே பஸ் ஏறி மதினியைப் பார்க்கப் போனேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெந்த கையின் விரல்கள் சரியாக மடங்காது, இடது கையால்தான் உருவினார். "உங்க மகனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன் மதினி" என்று ஆரம்பித்தேன். "நான் சொல்லிப் பாத்துட்டேன். அந்தக் காலத்துக் கெட்டில் வேறம்மான்னுட்டான்" என்றார். அப்புறம் கெட்டில் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். அவன் பீற்றிக்கொண்டதைச் சொன்னேன். கீரையை உருவிய கை நின்றது. "எத்தனை பேரு வர்றாக?" என்றார். "கூட்டம் கொட்டகை கொள்ளாது. கூடலூர்லருந்து மட்டும் ரெண்டு பஸ்ஸு" என்றேன். "உங்க மாமா மகன் வர்றாகளா?" "அவருக்குத்தானே முதல் கை. அண்ணன் நேர்ல போய்க் கூப்பிட்டிருக்காரு."

மதினி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முறத்தில் கிடந்த காம்புகளை ஒதுக்கினார். பிறகு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, உள்ளே அண்ணனுக்குக் கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மாமா மகனுக்கு எதைச் சொன்னா ரோசம் வரும்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்க" என்றார்.